பழமைவாதி, வலதுசாரி, பிற்போக்குவாதி: யாருக்கு எந்தச் சொல்? எழுதுபவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

அமெரிக்கத் தேர்தல் முடிவு நமக்குப் புதன்கிழமை காலையில்தான் வந்து சேரும். அப்படி ஒரு புதன்கிழமை, ஒரு நாளிதழின் செய்திப் பிரிவில் உட்கார்ந்து ஏஜென்சி செய்தியைத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். "சிவப்பு மாநிலங்கள் அனைத்தையும் அவர் தக்கவைத்துக்கொண்டார்" என்று ஒரு வரி எழுதினேன். மூலத்தில் அப்படித்தான் இருந்தது. மறுநாள் திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, டெக்சாஸ்ல சிவப்பு ஜெயிச்சிருக்குன்னு போட்டிருக்கீங்க. அங்க நம்ம கட்சி எப்ப வளந்துச்சு?" என்று கேட்டார். கேலி இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். கீழத் தஞ்சையில் செங்கொடிக்குக் கீழே வளர்ந்தவருக்குச் சிவப்பு என்றால் ஒரே பொருள்தான்.

அமெரிக்காவில் சிவப்பு குடியரசுக் கட்சியின் நிறம் என்றும், 2000-ஆம் ஆண்டுத் தேர்தலின்போது தொலைக்காட்சிகள் வரைபடத்தில் பூசிய வண்ணம் அப்படியே நிலைத்துவிட்டது என்றும் அவருக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதை அந்த வரியிலயே எழுதியிருக்கலாமே தம்பி" என்றார். அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஒரு சொல்லை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து வைத்ததால், ஒரு வாசகருக்குச் செய்தியே தலைகீழாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அன்று முதல் ஒரு நோட்டில் இந்தச் சொற்களைக் குறித்துவைக்க ஆரம்பித்தேன். வலது பக்க அரசியலில் இருப்பவர்களை உலகம் எந்தெந்தப் பெயரால் அழைக்கிறது, அவற்றைத் தமிழில் எப்படிக் கையாள்வது என்பதற்கு அந்த நோட்டிலிருந்து எடுத்த வழிமுறை இது. செய்தி மொழிபெயர்ப்பவர்கள், கட்டுரை எழுதும் மாணவர்கள், அரசியல் பேசும் எவருக்கும் பயன்படும் என்று நம்புகிறேன்.

முதல் படி: சொல் யார் வாயிலிருந்து வந்தது என்று பாருங்கள்

அரசியல் பெயர்கள் மூன்று வழியாகப் பிறக்கின்றன. ஒருவர் தனக்குத் தானே வைத்துக்கொள்வது, எதிராளி வைப்பது, வெளியே நின்று பார்ப்பவர் வகைப்படுத்துவதற்காக வைப்பது. அகராதியைத் திறப்பதற்கு முன்னால் இதைத்தான் கேட்க வேண்டும். இந்த ஒரு கேள்வியே பாதி வேலையை முடித்துவிடும்.

பிரிட்டனின் 'டோரி'யை எடுத்துக்கொள்ளுங்கள். இது ஐரிஷ் மொழிச் சொல்லிலிருந்து வந்தது. துரத்துபவன் என்பது மூலப்பொருள். 17-ஆம் நூற்றாண்டில் நிலத்தைப் பறிகொடுத்துக் காட்டுக்குள் போய் வழிப்பறி செய்த ஐரிஷ் கத்தோலிக்கர்களை அப்படி அழைத்தார்கள். 1679 முதல் 1681 வரை இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் ஒரு பெரிய சண்டை. அரசரின் தம்பி ஜேம்ஸ் கத்தோலிக்கர், அவர் அரியணை ஏறக் கூடாது என்று ஒரு தரப்பு மசோதா கொண்டுவந்தது. பரம்பரை உரிமையைத் தொடக் கூடாது என்று இன்னொரு தரப்பு நின்றது. அந்த இரண்டாம் தரப்பை 'டோரி', அதாவது கொள்ளைக்காரக் கூட்டம் என்று எதிராளிகள் திட்டினார்கள். பதிலுக்கு இவர்கள் அவர்களை 'விக்' என்றார்கள். அதுவும் ஸ்காட்லாந்துக் கலகக்காரர்களைக் குறித்த வசவுதான்.

ஆக, இரண்டு பெரிய கட்சி மரபுகளின் பெயருமே திட்டாகத் தொடங்கியவை. காலப்போக்கில் டோரிகள் அந்தப் பெயரைத் தங்களுடையதாகவே எடுத்துக்கொண்டார்கள். இன்றைக்குக் கன்சர்வேடிவ் கட்சிக்காரர் ஒருவர் தன்னை டோரி என்று சாதாரணமாகச் சொல்வார். தலைப்புக்கு நான்கே எழுத்து போதும் என்பதால் ஆங்கிலப் பத்திரிகைகளும் அதை விரும்பும். ஆனால் கன்சர்வேடிவ் ஆட்சியில் சுரங்கங்கள் மூடப்பட்ட வட இங்கிலாந்து ஊர்களில் அதே சொல் கசப்போடு வரும். தமிழில் நான் பின்பற்றுவது இதுதான்: செய்தி சொல்லும் குரலில் 'கன்சர்வேடிவ் கட்சி', ஒருவர் பேச்சை மேற்கோள் காட்டும்போது மட்டும் 'டோரி'. அப்படிச் செய்தால் அன்பும் கசப்பும் பேசியவருடையதாகவே இருக்கும், நம்முடையதாகிவிடாது.

சரி, தனக்குத் தானே வைத்துக்கொண்ட பெயரை நம்பிவிடலாமா? எப்போதும் அல்ல. அமெரிக்காவில் வெள்ளையின மேலாதிக்கம் பேசிய ஒரு கூட்டம் தன்னை 'ஆல்ட்-ரைட்' என்று அழைத்துக்கொண்டது. தமிழில் இதை 'மாற்று வலது' என்று எழுதுவது எளிது. ஆனால் நம் மொழியில் 'மாற்று' நல்ல சொல். மாற்று சினிமா, மாற்றுக் கல்வி, மாற்று மருத்துவம் என்று நம்பிக்கையோடு சொல்கிறோம். அந்த வாசனை முழுவதும் இனவெறிக்குப் போய் ஒட்டிக்கொள்ளும். அசோசியேட்டட் பிரஸ் நிறுவனம் 2016 நவம்பரில் தன் செய்தியாளர்களுக்கு, இந்தச் சொல்லை விளக்கம் இல்லாமல் எழுதாதீர்கள் என்று சொன்னது. நாமும் 'வெள்ளை இனவாதக் குழு' என்று எழுதிவிட்டு, அவர்கள் தங்களை எப்படி அழைத்துக்கொள்கிறார்கள் என்பதை அடுத்த வரியில் சொன்னால் போதும்.

இரண்டாம் படி: எதைக் காக்கச் சொல்கிறார் என்று கேளுங்கள்

'கன்சர்வேடிவ்' என்பதற்குத் தமிழில் 'பழமைவாதி' நிலைத்துவிட்டது. ஊடகங்கள் எல்லாம் அதைத்தான் எழுதுகின்றன, நானும் எழுதுகிறேன். ஆனாலும் எனக்கு அதில் ஒரு மனக்குறை உண்டு. மூலச்சொல்லில் 'பழமை' கிடையாது. 'காத்தல்' என்பதுதான் இருக்கிறது. பிரெஞ்சுப் புரட்சியும் நெப்போலியனும் போன பிறகு 1818-ல் பிரெஞ்சு எழுத்தாளர் ஷத்தோப்ரியான் தொடங்கிய ஏட்டின் பெயர் 'ல கான்சர்வத்தேர்', அதாவது காப்பவர். அங்கிருந்துதான் இந்தச் சொல்லுக்கு அரசியல் பொருள் பரவியது. 1830 வாக்கில் பிரிட்டனின் டோரிகளுக்கும் இந்தப் பெயர் வந்தது. 1834-ல் டோரித் தலைவர் ராபர்ட் பீல் தன் டாம்வொர்த் தொகுதி வாக்காளர்களுக்கு வெளியிட்ட அறிக்கையில், 1832-ன் தேர்தல் சீர்திருத்தத்தை ஏற்கிறேன், குறை இருந்தால் சரிசெய்வேன், ஆனால் அடித்தளத்தை இடிக்க மாட்டேன் என்ற பொருளில் பேசினார். சீர்திருத்தத்தை ஏற்கிறேன் என்று அறிவித்தவரைத்தான் நாம் 'பழமைவாதி' என்று எழுதுகிறோம்.

இந்த மரபின் மூலவர் என்று எல்லோரும் காட்டும், 18-ஆம் நூற்றாண்டுப் பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் எட்மண்ட் பர்க்கைப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். அவர் டோரி அல்ல, விக் கட்சிக்காரர். கன்சர்வேடிவ் என்று தன்னை ஒருபோதும் சொல்லிக்கொண்டவரும் அல்ல, அந்தச் சொல்லே அவர் காலத்துக்குப் பிறகுதான் அரசியலுக்கு வந்தது. அமெரிக்கக் குடியேற்றங்களின் குறைகளுக்காகப் பரிந்து பேசினார். இந்தியாவில் கவர்னர் ஜெனரலாக இருந்த வாரன் ஹேஸ்டிங்ஸ் மீதான விசாரணையை 1788 முதல் 1795 வரை முன்னின்று நடத்தினார். பிரெஞ்சுப் புரட்சியை மட்டும் 1790-ல் கடுமையாக எதிர்த்து எழுதினார்.

நம் மண்ணோடும் அவருக்கு ஒரு தொடர்பு உண்டு. 1785-ல் ஆற்காடு நவாபின் கடன்களைப் பற்றி நாடாளுமன்றத்தில் அவர் பேசிய நீண்ட பேச்சு அது. நவாபுக்கு வட்டிக்குக் கொடுத்துக் கொழுத்த கம்பெனி ஆட்களைச் சாடிய அதே பேச்சில், இந்தப் பகுதியின் ஏரிகளைப் பற்றியும் அவற்றை வெட்டிவைத்த பழைய அரசர்களைப் பற்றியும் நெகிழ்ந்து பேசினார். தங்களுக்குப் பின்னால் வரும் தலைமுறைகளுக்காக அவர்கள் கட்டினார்கள், அவர்களே உண்மையான அரசர்கள் என்பது அவர் கருத்து. 'காப்பவர்' என்ற சொல்லின் உள்ளடக்கம் எனக்கு அங்கேதான் விளங்கியது. நம் ஊர் குடிமராமத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஏரியை மூடிப் புதிதாக ஒன்று வெட்டுவோம் என்பவர் ஒரு வகை. கரையைப் பலப்படுத்து, மதகைச் சரிசெய், தூர் வாரு, ஆனால் ஏரியை விட்டுவிடாதே என்பவர் இன்னொரு வகை. இந்த இரண்டாமவர்தான் பர்க் வழியில் வந்தவர். அவரைப் 'பழமைவாதி' என்று எழுதினால் உடைந்த மதகை உடைந்தபடியே வைத்திருக்க ஆசைப்படுகிறவர் என்று ஆகிவிடுகிறது.

அப்படியானால் என்ன எழுதுவது? பழக்கத்தில் உள்ள சொல்லைத் தூக்கி எறிய வேண்டாம். வாசகருக்குத் தெரிந்தது அதுதான். ஆனால் கட்டுரையில் முதல் முறை வரும்போது, இவர் எதைக் காக்கச் சொல்கிறார் என்று அரை வரி சேர்த்துவிடுங்கள். முடியாட்சியையா, திருச்சபையையா, சொத்துரிமையையா, குடும்ப அமைப்பையா? சிந்தனை மரபைப் பற்றி எழுதுகிறீர்கள் என்றால் 'மரபு பேணுவோர்' என்பது என் விருப்பம். அதில் ஏளனம் இல்லை.

இந்தக் கேள்வியைக் கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மாஸ்கோ நல்ல உதாரணம். 1991 ஆகஸ்ட் 19 அன்று, சோவியத் அதிபர் கோர்பச்சேவைக் கிரிமியாவில் அடைத்துவைத்துவிட்டு எட்டுப் பேர் கொண்ட குழு ஆட்சியைக் கைப்பற்ற முயன்றது. அவர்கள் முழுக் கம்யூனிஸ்டுகள். ஆனால் அன்றைய மேற்கத்தியச் செய்திகளில் அவர்களுக்கும் 'கன்சர்வேடிவ்' என்ற பட்டம் உண்டு. ஏனென்றால் அங்கே இருந்ததைக் காப்பது என்றால் கம்யூனிசத்தைக் காப்பது. ஈரானிலும் இதே நிலைதான். அங்கே ஆங்கிலச் செய்தி 'கன்சர்வேடிவ்' என்று குறிக்கும் அணியினர் தங்களை 'உசூல்கரா' என்பார்கள், கொள்கைப் பற்றாளர் என்று பொருள். அவர்கள் காப்பது 1979-ல் நடந்த ஒரு புரட்சியின் கொள்கைகளை. இரண்டு இடத்திலும் 'பழமைவாதி' என்று எழுதினால் தமிழ் வாசகருக்கு ஒன்றும் விளங்காது. 'கடும்போக்குக் கம்யூனிஸ்டுகள்', 'புரட்சிக் கொள்கையில் உறுதியானவர்கள்' என்று எழுதினால் விளங்கும்.

'பழமை' என்ற சொல்லைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதைத் தாழ்ந்த பொருளில் மட்டும் எடுத்துக்கொள்ளும் பழக்கம் நமக்கு எப்போதும் இருந்ததில்லை. திருக்குறளில் 81-ஆவது அதிகாரத்தின் பெயரே பழமை, நெடுநாள் நட்பின் உரிமையைச் சொல்வது. கொங்கு நாட்டில் இன்றும் பழமை பேசுவது என்றால் உட்கார்ந்து அன்பாகக் கதை பேசுவது. அரசியலுக்கு வந்த பிறகுதான் அந்தச் சொல்லுக்கு இந்தக் கறை.

மூன்றாம் படி: 'வலதுசாரி'யை அளவுகோலாக மட்டும் பயன்படுத்துங்கள்

1789-ல் வெர்சாய் நகரில் பிரெஞ்சு தேசிய சபை கூடியபோது, அரசருக்கு ரத்து அதிகாரம் இருக்க வேண்டுமா என்று விவாதம் வந்தது. வேண்டும் என்றவர்கள் தலைவரின் வலப்பக்கம் சேர்ந்து அமர்ந்தார்கள், கூடாது என்றவர்கள் இடப்பக்கம். இன்று உலகமே பேசும் வலது, இடது இரண்டும் அந்த நாற்காலி வரிசையிலிருந்து வந்தவை. அதனால்தான் இது ஒப்பீட்டுச் சொல்லாகவே இருக்கிறது. யாருக்கு வலது, எந்தச் சபையில் வலது என்று சொல்லாவிட்டால் பொருள் முழுமையாகாது. அமெரிக்காவில் எல்லோருக்கும் அரசு மருத்துவக் காப்பீடு என்றால் இடது. பிரிட்டனில் தேசிய சுகாதார சேவையை ஒழிப்பேன் என்று சொல்லிக்கொண்டு எந்தக் கன்சர்வேடிவ் தலைவரும் வாக்குக் கேட்க முடியாது.

வலது என்பது நமக்கு மங்கலச் சொல்லும்கூட, மருமகள் வலது காலை எடுத்து வைத்துத்தான் உள்ளே வருகிறாள். அப்புறம், சோழர் காலத்திலிருந்து வந்த வலங்கை, இடங்கைச் சாதிப் பிரிவுகளை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். 1707-ல் சென்னையில் அவை மோதிக்கொண்ட வரலாறு தனி. வெர்சாய்க்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

நான்காம் படி: நம் வீட்டுச் சொற்களை அரசியலுக்கு இழுக்காதீர்கள்

"அவங்க வீடு கொஞ்சம் கன்சர்வேடிவ்" என்று நாம் சொல்லும்போது யாருக்கு வாக்களிக்கிறார்கள் என்று சொல்லவில்லை. பெண்ணை வேலைக்கு அனுப்ப யோசிப்பார்கள், ஆசாரம் பார்ப்பார்கள் என்கிறோம். இதற்குத் தமிழில் கொட்டிக் கிடக்கின்றன சொற்கள்: கட்டுப்பெட்டி, பழம்பஞ்சாங்கம், பத்தாம்பசலி, சுத்தக் கர்நாடகம். ஒவ்வொன்றும் ஒரு சின்ன வரலாறு. பசலி என்பது ஜூலை 1-ல் தொடங்கும் வருவாய்த்துறை ஆண்டுக் கணக்கு. கிராம நிர்வாக அலுவலகத்தில் வாங்கிய அடங்கல் நகலைப் பார்த்தால் 1433-ஆம் பசலி என்பது போல எண் இருக்கும். அந்தக் கணக்கில் பத்தாம் பசலி என்றால் எவ்வளவு பின்னால் போக வேண்டும் என்று பாருங்கள். எனக்கு இந்தச் சொற்கள் மீது தீராத ஆசை உண்டு. ஆனால் இவை நடை உடை பாவனைக்கான சொற்கள். கட்டுப்பெட்டியான குடும்பத்தில் மூன்று தலைமுறையாகக் கம்யூனிஸ்ட் கட்சிக்கு வாக்களிப்பவர்கள் உண்டு. ஜீன்ஸ் போட்டுக்கொண்டு சந்தைப் பொருளாதாரம் தவிர வேறெதுவும் கூடாது என்பவர்களும் உண்டு.

'வைதிகர்', 'சனாதனி' இரண்டும் சமயம் சார்ந்தவை, அவற்றிலும் கவனம் வேண்டும். 1921-ல் காந்தி தன்னைச் சனாதன இந்து என்றே எழுதினார். 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்ட மக்களை அழைத்துக்கொண்டு மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தபோது எதிர்த்து நின்றவர்களும் சனாதனிகள் என்றே அறியப்பட்டார்கள். தீண்டாமைக்கு எதிராக நின்றவருக்கும் கோயில் நுழைவை எதிர்த்தவர்களுக்கும் ஒரே பெயர். இன்றைய மேடைகளிலோ அது இன்னும் சூடான சொல். ஆகவே அதை எழுதும்போது ஆண்டையும் பேசியவரையும் சேர்த்தே எழுதுங்கள்.

'பிற்போக்குவாதி' வேறு ரகம். 1794 ஜூலையில் பிரெஞ்சுப் புரட்சித் தலைவர் ரோபெஸ்பியர் வீழ்ந்த பிறகு, புரட்சிக்கு எதிர்வினையாகக் கிளம்பியவர்களைக் குறிக்கப் பிரான்சில் உருவான சொல்லின் தமிழ் வடிவம் அது. இருப்பதைக் காப்பவர் ஒருவர், போனதைத் திரும்பக் கொண்டுவர நினைப்பவர் இன்னொருவர். இரண்டாமவருக்குத்தான் இது பொருந்தும். ஆனால் தமிழில் 'முற்போக்கு' என்ற இணைச்சொல்லோடு சேர்ந்தே இது வளர்ந்ததால், எழுதும்போதே தீர்ப்பும் எழுதப்பட்டுவிடுகிறது. முன்னே போவது நல்லது, பின்னே போவது கெட்டது. ஈழத்தில் முற்போக்கு எழுத்தாளர்களோடு முரண்பட்ட எஸ்.பொன்னுத்துரை இந்த இரட்டையிலிருந்து வெளியே வர 'நற்போக்கு' என்று மூன்றாவதாக ஒரு சொல்லை உருவாக்கினார். சொல்லிலேயே சிக்கிக்கொண்டோம், சொல்லாலேயே வெளியே வர வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கருத்துக் கட்டுரையில் 'பிற்போக்கு' என்று உங்கள் பெயரில் எழுதுங்கள், அது உங்கள் உரிமை. செய்தியில் வேண்டாம்.

ஐந்தாம் படி: கட்சிப் பெயரை மொழிபெயர்ப்பதற்கு முன் யோசியுங்கள்

பெயரை வைத்துக் கட்சியின் நிறத்தைக் கண்டுபிடிக்க முடியாது. ஆஸ்திரேலியாவில் ராபர்ட் மென்சிஸ் 1944-ல் தொடங்கிய லிபரல் கட்சிதான் அங்கே வலதுசாரிக் கட்சி. ஜப்பானில் 1955-ல் உருவாகி, பெரும்பாலான காலம் ஆட்சியில் இருக்கும் லிபரல் ஜனநாயகக் கட்சியும் மரபு பேணும் கட்சியே. கனடாவில் 2003 வரை 'முற்போக்குக் கன்சர்வேடிவ் கட்சி' என்று ஒன்று தேசிய அளவில் இருந்தது. அதைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் 'முற்போக்குப் பழமைவாதக் கட்சி' என்று வரும், படிப்பவருக்குத் தலை சுற்றும். கட்சிப் பெயரை ஒலிபெயர்த்து, அது எந்தப் பக்கம் என்று தனியாகச் சொல்லுங்கள். புலம்பெயர்ந்த நம் உறவுகள் 'கொன்சவேட்டிவ்' என்று எழுதுவதும் அதே நல்ல வழக்கம்தான். அவர்களுக்காக எழுதும்போது அவர்கள் எழுத்துக்கூட்டையே பயன்படுத்துங்கள்.

ஆறாம் படி: அமெரிக்கச் சொற்களைப் பிரித்து வாங்குங்கள்

அமெரிக்க வலது பக்கம் ஒரே கட்சிக்குள் பல வீடுகள் உள்ள தெரு. 'சமூகப் பழமைவாதி' என்றால் கருக்கலைப்பு, குடும்பம், வழிபாடு பற்றிப் பேசுபவர். 'ஃபிஸ்கல் கன்சர்வேடிவ்' என்பவரை 'நிதிப் பழமைவாதி' என்று எழுதினால் தமிழில் பொருளே இல்லை. 'அரசு வரவுக்குள் செலவு செய்ய வேண்டும் என்பவர்' என்று நீட்டி எழுதுங்கள்.

'நியோ-கன்சர்வேடிவ்' விசித்திரமான பிறப்பு. 1970-களில் சோசலிஸ்டான மைக்கேல் ஹாரிங்டன், இடது பக்கத்திலிருந்து விலகிப் போன பழைய தோழர்களைச் சாடப் பரவலாக்கிய பெயர் அது. அவர்களில் ஒருவரான இர்விங் கிறிஸ்டல் அதைச் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டார். யதார்த்தத்திடம் அடி வாங்கிய லிபரல்தான் நியோ-கன்சர்வேடிவ் என்று அவர் கொடுத்த விளக்கம் புகழ்பெற்றது. 2003 இராக் போருக்குப் பிறகு அந்தச் சொல் மறுபடி வசவாகிவிட்டது. 'நவபழமைவாதி' என்ற தமிழாக்கம் உண்டு. ஆனால் புதியது, பழையது இரண்டையும் ஒரே சொல்லில் திணித்த அது யாருக்கும் எதையும் சொல்வதில்லை. ஒலிபெயர்ப்போடு, 'அமெரிக்க ராணுவ பலத்தால் உலகில் ஜனநாயகத்தைப் பரப்பலாம் என்றவர்கள்' என்று ஒரு வரி சேர்ப்பேன்.

'லிபர்டேரியன்' கட்சி மாறிய சொல். 1857-ல் ஜோசப் தெஜாக் என்ற பிரெஞ்சு அரசின்மைவாதி தனக்கு வைத்துக்கொண்டது. தனிச்சொத்தையே எதிர்த்தவர் அவர். இன்று அமெரிக்காவில் தனிச்சொத்தில் கை வைக்காதே என்பவர்களின் பெயர் அது. 1971-ல் அந்தப் பெயரில் கட்சியும் தொடங்கினார்கள். 'சுதந்திரவாதி' என்றால் நம் வாசகருக்கு விடுதலைப் போராட்டம் நினைவுக்கு வரும். அரசு எதிலும் தலையிடக் கூடாது என்பவர் என்று எழுதுவதே நேர்மை.

2009-ல் கிளம்பிய 'டீ பார்ட்டி' இயக்கத்தைத் 'தேநீர்க் கட்சி' என்றும் 'தேநீர் விருந்து' என்றும் தமிழில் பார்த்திருக்கிறேன். அது கட்சியும் அல்ல, விருந்தும் அல்ல. 1773-ல் பிரிட்டிஷ் வரியை எதிர்த்துப் பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டிய போராட்டத்தின் பெயரை, வரி எதிர்ப்பாளர்கள் மறுபடி எடுத்துக்கொண்டது. இந்தப் பின்னணி இல்லாமல் அந்தப் பெயருக்கு உயிரே இல்லை. 'ரைனோ' என்று வந்தால் காண்டாமிருகம் அல்ல, 'பெயருக்கு மட்டும் குடியரசுக் கட்சிக்காரர்' என்பதன் முதலெழுத்துச் சுருக்கம். சொந்தக் கட்சிக்காரர்களே திட்டுவது.

ஏழாம் படி: அழுத்தம் காட்டும் அடைமொழிகள்

மிதவாதி, தீவிரவாதி என்ற இரட்டை 1907 சூரத் காங்கிரஸ் பிளவிலேயே நமக்குப் பழக்கம். வ.உ.சி.யும் பாரதியும் திலகர் பக்கம் நின்று அங்கே போனவர்கள். அன்றைய வழக்கில் அவர்கள் தீவிரவாதிகள், அதில் இழுக்கு இல்லை. இன்று அந்தச் சொல் துப்பாக்கியோடு வருகிறது. ஆகவே வெளிநாட்டு அரசியல்வாதிக்கு 'தீவிர வலதுசாரி' என்பது சரி, 'வலதுசாரித் தீவிரவாதி' என்பது முற்றிலும் வேறு குற்றச்சாட்டு. சொல் வரிசை மாறினால் வழக்கே வரலாம். விட்டுக்கொடுக்காதவருக்குக் 'கடும்போக்காளர்' நல்ல சொல். இலங்கைத் தமிழ் ஊடகங்களில் அது நன்றாக வேரூன்றியிருக்கிறது.

'டை ஹார்டு' என்றால் இன்று நமக்கு ரசிகர்தான் நினைவுக்கு வருவார். 1811-ல் ஸ்பெயினில் நடந்த அல்புவேரா போரில் பிரிட்டனின் 57-ஆம் படைப்பிரிவுக்கு வந்த பட்டப்பெயர் அது. சாகும்வரை விடாதே என்று தளபதி சொன்னதால் வந்தது. பிறகு 1911-ல் பிரபுக்கள் சபையின் அதிகாரக் குறைப்பை எதிர்த்த டோரிகளுக்கு அது வந்து சேர்ந்தது. 1930-களில் இந்தியாவுக்குக் கொஞ்சம் தன்னாட்சி தருவதையும் எதிர்த்து நின்ற சர்ச்சில் தரப்புக்கும் அதே பெயர்.

எனக்கு மிகவும் பாடம் சொன்னது பிரிட்டனில் தாட்சர் காலத்து 'வெட்' என்ற சொல். 1979-ல் அவர் பிரதமரானார். அரசுச் செலவு வெட்டப்பட்டது, 1982 ஜனவரியில் வேலையில்லாதவர்கள் 30 லட்சத்தைத் தாண்டினார்கள். அமைச்சரவையிலேயே சிலர் இது அதிகம் என்று தயங்கினார்கள். தாட்சர் தரப்பு அவர்களை 'வெட்' என்றது. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வழக்கில் அதற்கு நைந்துபோனவன், தைரியமில்லாதவன் என்று பொருள். இதைத் தமிழில் 'ஈரமானவர்கள்' என்று எழுதிப் பாருங்கள். நமக்கு ஈரம் என்றால் இரக்கம். "நெஞ்சுல ஈரம் இருக்கா?" என்று கேட்கும் மொழி இது. வேலை இழந்தவர்களுக்காக வருந்தியவர்களைத் திட்டக் கண்டுபிடித்த சொல், தமிழுக்கு வந்ததும் அவர்களை வாழ்த்திவிடும். இது மொழிபெயர்ப்புப் பிழையாகிவிடும், ஆனாலும் இந்த ஒரு சொல்லில் இரண்டு மொழிகளும் ஏழைகள் பக்கம் வேறு வேறு கோணத்தில் நிற்பதை நான் மறக்க முடியவில்லை. 'தயங்குபவர்கள்' அல்லது 'மென்போக்காளர்கள்' என்று எழுதுங்கள்.

எட்டாம் படி: ஊருக்குத் திரும்பும்போது அளவுகோலை மாற்றுங்கள்

இந்தியாவுக்கும் இலங்கைக்கும் மேற்கத்திய அச்சு அப்படியே பொருந்தாது. ராஜாஜி ஒருவரை மட்டும் பாருங்கள். லைசென்ஸ், பெர்மிட் முறையை எதிர்த்து 1959-ல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார், 1967-ல் மக்களவையில் 44 இடம் பிடித்தது. பொருளாதாரத்தில் அது அசல் வலதுசாரிக் கட்சி. அதே தேர்தலில் சென்னை மாநிலத்தில் அது தி.மு.க.வோடு கூட்டணி. அதே ராஜாஜிதான் 1939-ல் கோயில் நுழைவுக்குச் சட்டப் பாதுகாப்புக் கொடுத்தவர். அதே ராஜாஜிதான் 1953-ல் அரைநாள் பள்ளித் திட்டம் கொண்டுவந்தவர். எதிர்த்தவர்கள் அதற்கு வைத்த பெயர் 'குலக்கல்வித் திட்டம்'. இன்று அரசு வைத்த பெயர் யாருக்கும் ஞாபகம் இல்லை. பட்டப்பெயர் உண்மையான பெயரை விழுங்கிவிட்டது. அந்தப் பெயர் நியாயமானது என்றே நான் நினைக்கிறேன். ஆனாலும் வரலாற்றுக் கட்டுரையில் அது யார் வைத்த பெயர் என்று ஒரு முறை எழுதிவிடுவேன்.

பா.ஜ.க.வை 'பழமைவாதக் கட்சி' என்று எழுதினால் பாதிதான் சொல்லியிருப்பீர்கள். 1980-ல் தொடங்கியபோது அந்தக் கட்சி அறிவித்துக்கொண்டது காந்திய சோசலிசத்தை. அதன் மையம் அரசின் செலவுக் கணக்கில் இல்லை, தேசம் யாருடையது என்ற கேள்வியில் இருக்கிறது. 'இந்துத்துவக் கட்சி' அல்லது 'இந்து தேசியவாதக் கட்சி' என்பதே துல்லியம். சமூக ஊடகத்தில் புழங்கும் 'சங்கி' போன்றவை முதல் படியில் சொன்ன எதிராளி வைத்த பெயர்கள். சொன்னவர் வாயில் வைத்து மேற்கோளில் எழுதுங்கள்.

இலங்கையில் 1977-ல் திறந்த பொருளாதாரம் கொண்டுவந்த ஐக்கிய தேசியக் கட்சி வலது. செங்கொடியோடு வந்த ஜே.வி.பி., அதாவது மக்கள் விடுதலை முன்னணி, இடது. ஆனால் 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தை ஆயுதத்தோடு எதிர்த்ததும், 2006-ல் வடக்கு கிழக்கைப் பிரிக்கும்படி உச்ச நீதிமன்றத்துக்குப் போனதும் அந்த இடதுதான். அங்குள்ள தமிழருக்கு வலதா இடதா என்பதைவிட, நமக்கான உரிமையில் எங்கே நிற்கிறார் என்பதுதான் முதல் கேள்வி. அதைச் சொல்லாத செய்தி அவர்களுக்குச் செய்தியே அல்ல.

ஒரு வரியை எடுத்துச் செய்து பார்ப்போம்

'ரெட் ஸ்டேட்' ஒன்றைச் சேர்ந்த 'ஃபிஸ்கல் கன்சர்வேடிவ்' செனட்டரை 'மாகா' (அமெரிக்காவை மீண்டும் மகத்தாக்குவோம் என்ற டிரம்ப் முழக்கத்தின் சுருக்கம்) ஆட்கள் 'ரைனோ' என்று ஒதுக்குகிறார்கள் என்று மூலத்தில் இருக்கிறது என வைத்துக்கொள்வோம். சிவப்பு யாருடைய நிறம்? குடியரசுக் கட்சியின் நிறம். அவர் காக்கச் சொல்வது என்ன? அரசுக் கஜானாவை. 'ரைனோ' யார் வாயிலிருந்து வந்தது? சொந்தக் கட்சிக்காரர்கள் வாயிலிருந்து, திட்டாக. இப்போது எழுதலாம்:

"குடியரசுக் கட்சியின் கோட்டையாக விளங்கும் மாநிலத்திலிருந்து வந்த செனட்டர் அவர். அரசு கடன் வாங்கிச் செலவு செய்யக் கூடாது என்று தொடர்ந்து பேசுகிறவர். டிரம்ப் ஆதரவாளர்களோ அவரைப் 'பெயருக்குத்தான் நம் கட்சிக்காரர்' என்று ஒதுக்குகிறார்கள்."

மூலம் ஒரு வரி, நம்முடையது மூன்று வரி. இடம் போதவில்லை என்று பக்கம் முடிப்பவர் சொல்வார். அப்போது தலைப்பிலிருந்து அடைமொழிகளை எல்லாம் எடுத்துவிட்டுக் கட்சிப் பெயரை மட்டும் வையுங்கள். உள்ளே இருக்கும் இந்த மூன்று வரியில் மட்டும் கை வைக்க விடாதீர்கள்.